பாட்டி ஏன் பிதற்றினார்? உடம்பு மூளைக்கு அனுப்பும் தூது



இம்முறை கொஞ்சம் கடினமான ஒரு விசயத்தை எழுத வந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். நமது லயங்களில் இருக்கும் வயசானவர்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட விசயம் இது.

முதலில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மழைக்காலம். மேல்கணக்கு லயத்தில் ஒரு பாட்டி. எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார், கடைக்குப் போவார், காசுக் கணக்கில் ஒரு சதம் பிசக மாட்டார். ஒருநாள் அந்தி நேரம் அவருடைய மருமகள் என்னைத் தேடி வந்தார்.

"ஐயா, மாமி நேத்து ராவுல இருந்து ஒரு மாதிரியா பேசுது. செத்துப்போன மாமாவ கூப்பிடுது. வெறுங்கையால காத்துல கொழுந்து கிள்ளுது. பேரப்பிள்ளையப் பார்த்து நீ யாருன்னு கேக்குது" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசு போச்சுதானே அம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் காத்துக் கருப்பு என்றார்கள். மந்திரித்து நூல் கட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் பாட்டியை எழுப்ப முடியவில்லை. வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சோதித்துப் பார்த்த டொக்டர், சிறுநீரில் கிருமி, அது இரத்தத்திலும் பரவத் தொடங்கிவிட்டது என்றார். ஊசி மருந்து ஏற்றினார்கள். ஒரு கிழமையில் பிதற்றல் நின்றது. பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எல்லோருக்கும் சந்தோசம்.

ஆனால் அந்தப் பாட்டி பழைய பாட்டியாகத் திரும்பி வரவில்லை. தனியாகக் கடைக்குப் போக, காசை எண்ணிக் கொடுக்க அவரால் பிறகு முடியவே இல்லை. இரண்டு நாள் முந்தியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று நான் டொக்டரிடம் கேட்டேன்: "சேர், கிருமி இருந்தது மூத்திரத்தில். தலை ஏன் குழம்ப வேண்டும்?" அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு நானும் தேடி வாசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தப்புச் சத்தம் போல ஒரு செய்தி

நமது உடம்பில் நோயோடு சண்டை போடுவதற்கென்றே வெள்ளைக் குருதிக் கலங்கள் இருக்கின்றன. கிருமி ஒரு இடத்தில் நுழைந்தால் அங்கே இருக்கும் கலங்கள் தனியாகப் போராடுவதில்லை. மற்றக் கலங்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தியைக் கொண்டு போவது ஒருவகைச் சின்னஞ்சிறிய புரதம். அதற்குப் பெயர் சைட்டோகைன். நாம் இதைத் தூதுப் புரதம் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் தப்படித்து ஆள் கூட்டினார்கள் அல்லவா? பெரட்டுக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி, சாவு வீட்டுக்கு ஒரு அடி. அடியைக் கேட்டதும் யார் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். அடிப்பது ஒரு லயத்து வாசலில். கேட்பது மலை முழுக்க. தூதுப் புரதமும் அப்படித்தான். இதிலும் பல அடிகள் உண்டு. ஒன்று ஆளைக் கூப்பிடும். ஒன்று சண்டையைச் சூடாக்கும். இன்னொன்று, போதும் நிறுத்து என்று சொல்லும்.

இவற்றில் முதலில் அடையாளம் காணப்பட்டவற்றில் ஒன்று இன்டர்பெரோன். 1957ஆம் ஆண்டு லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜோன் லின்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். வைரஸ் பிடித்த கலம் பக்கத்துக் கலங்களை எச்சரிக்க விடும் புரதம் அது. பிறகு இன்டர்லியூக்கின் என்ற பெயரில் ஒரு பெரிய குடும்பமே கண்டுபிடிக்கப்பட்டது. இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6 என்று அவற்றுக்கு இலக்கம் போட்டிருக்கிறார்கள். கொரோனா காலத்தில், 2020இல், "சைட்டோகைன் புயல்" என்று வானொலியிலும் டீவியிலும் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். தப்பை நிறுத்தாமல் அடித்தால் என்ன நடக்கும்? எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடி வந்து மிதிபடுவார்கள். அந்த நிலைக்குத்தான் புயல் என்று பெயர் வைத்தார்கள்.

மூளைக்கு இந்தச் சத்தம் எப்படிக் கேட்கிறது?

மூளையைக் கடவுள் நன்றாகவே பாதுகாத்து வைத்திருக்கிறார். இரத்தத்தில் போகும் எல்லாப் பொருளும் மூளைக்குள் நுழைய முடியாது. மூளையில் உள்ள இரத்தக் குழாய்களின் சுவர் இறுக்கமான வேலி போல் இருக்கிறது. அப்படியிருந்தும் தூதுப் புரதங்களின் செய்தி மூன்று வழியாக உள்ளே போகிறது.

முதலாவது, நரம்பு வழி. வயிற்றையும் நெஞ்சையும் மூளையோடு தொடுக்கும் வேகஸ் என்ற நீண்ட நரம்பு இருக்கிறது. தந்தி அடிப்பது போல அது செய்தியைக் கொண்டு போகிறது.

இரண்டாவது, மூளையின் சில சின்ன இடங்களில் அந்த வேலி இறுக்கமாக இல்லை. அந்த வழியாகவும் செய்தி நுழைகிறது.

மூன்றாவது, வேலியில் உள்ள கலங்களே வெளியில் இருந்து வந்த செய்தியைக் கேட்டு, உள்ளே வேறு ஒரு இரசாயனத்தை விடுகின்றன. அதன் பெயர் புரொஸ்டகிளான்டின். உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. இந்த இரசாயனம் அங்கே போய்ச் சேர்ந்ததும் சூடு ஏறுகிறது. நாம் சொல்லும் காய்ச்சல் இதுதான். ஆகவே காய்ச்சலை உண்டாக்குவது கிருமி நேராக அல்ல, நமது மூளைதான், உடம்பின் செய்தியைக் கேட்டுச் சூட்டை ஏற்றுகிறது. அதற்கு வேண்டிய அளவும் மிகக் கொஞ்சம். மனிதருக்கு உடம்பு எடையில் ஒரு கிலோவுக்குச் சில நானோகிராம் இன்டர்லியூக்கின்-1 ஏற்றினாலே காய்ச்சல் வந்துவிடும். ஒரு கிராமை நூறு கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.

பனடோல் குடித்தால் காய்ச்சல் ஏன் இறங்குகிறது என்பதும் இதில் விளங்கும். பனடோல் அந்த இரசாயனம் உண்டாவதைக் குறைக்கிறது. கிருமியை அது தொடுவதே இல்லை. "காய்ச்சல் விட்டுருச்சு, இனி பயமில்ல" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே சண்டை நடந்துகொண்டே இருக்கலாம்.

காய்ச்சலில் படுப்பது சோம்பல் இல்லை

மாடு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். மாட்டுக்குச் சுகமில்லையென்றால் புல்லைத் தொடாது. ஒதுங்கிப் போய்ப் படுத்துவிடும். கன்றைக்கூட நக்காது. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பென்ஜமின் ஹார்ட் என்ற மிருக வைத்தியப் பேராசிரியர் இதைப் பற்றி எழுதினார். இது மிருகத்தின் பலவீனம் இல்லை, உடம்பே திட்டம் போட்டுச் செய்யும் காரியம் என்று அவர் விளக்கினார். அங்கே இங்கே அலையாமல் படுத்தால் பலம் மிஞ்சும். அந்தப் பலம் காய்ச்சலை ஏற்றவும் கிருமியோடு போராடவும் பயன்படும்.

நமக்கும் அதே கதைதான். சாப்பாடு வேண்டாம், ஆட்களோடு பேச்சு வேண்டாம், போர்த்திக்கொண்டு படுத்தால் போதும் என்று தோன்றுவது தூதுப் புரதங்கள் மூளைக்குச் சொல்லும் சொல். ஆகவே காய்ச்சல்காரனைப் பார்த்து "வேலைக்குக் கள்ளம் பண்றான்" என்று சொல்வது சரியில்லை.

இந்தப் புரதங்கள் மனசையும் சோர வைக்கும். அதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. இன்டர்பெரோனை ஒரு காலத்தில் சிலவகை ஈரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் மருந்தாக ஊசியில் ஏற்றினார்கள். ஏற்றியவர்களில் பலர் அழுதார்கள், தூக்கமில்லாமல் தவித்தார்கள், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தார்கள். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், தோல் புற்றுநோய்க்கு இந்த ஊசி போட்ட 40 பேரைக் கவனித்தார்கள். மனச்சோர்வுக்கான மருந்தை முன்கூட்டியே கொடுத்தவர்களில் 100க்கு 11 பேர் அளவில்தான் கடுமையான மனச்சோர்வு வந்தது. கொடுக்காதவர்களில் அது 100க்கு 45 பேர் அளவில் இருந்தது. ஒரு புரதத்தை ஊசியில் ஏற்றினால் மனசு உடைகிறது என்றால், மனச்சோர்வு வந்தவரைப் பார்த்து "மன தைரியம் இல்லாத ஆள்" என்று பழிக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? எல்லா மனச்சோர்வுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டெங்கு போன்ற பெரிய காய்ச்சலில் இருந்து எழும்பியவர் சில கிழமைகளுக்குச் சோர்ந்து, முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், அவரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாளாகியும் தெளியாவிட்டால் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இந்தப் புரதங்கள் மூளைக்கு எதிரியா? அப்படியும் சொல்ல முடியாது. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில், இன்டர்லியூக்கின்-4 என்ற புரதம் இல்லாத எலிகளைத் தண்ணீரில் நீந்தவிட்டார்கள். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று மற்ற எலிகளைப் போல அவற்றால் கற்றுக்கொள்ள முடியவில்லை. நோயில்லாத காலத்திலும் படிப்புக்கும் ஞாபகத்துக்கும் இந்தத் தூது அளவாக வேண்டியிருக்கிறது. உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் சரிவராது, கூடினாலும் சரிவராது.

வயசான மூளையில் என்ன நடக்கிறது?

இனிப் பாட்டியின் கதைக்கு வருவோம்.

மூளைக்குள்ளேயே காவல்காரக் கலங்கள் இருக்கின்றன. மைக்ரோகிளியா என்று பெயர். குப்பையைக் கூட்டுவது, கெட்டதை அகற்றுவது, நரம்புகளைப் பராமரிப்பது எல்லாம் இவற்றின் வேலை. இளம் வயதில் வெளியில் இருந்து செய்தி வந்தால் இவை அளவோடு வேலை செய்து அடங்கிவிடும். வயசு போகும்போதும், மறதி நோய் தொடங்கிய மூளையிலும், இந்தக் காவல்காரர் எப்போதும் தடியைத் தூக்கிக்கொண்டு நிற்பார். சின்னச் சத்தம் கேட்டாலே பெரிதாகக் கத்துவார். தாமும் தூதுப் புரதங்களை அள்ளிவிடுவார். அதனால் நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவது குழம்புகிறது. கவனம் சிதறுகிறது. பகல் இரவாகிறது, இரவு பகலாகிறது. இல்லாத ஆள் தெரிகிறார்.

இதை டொக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். நம் ஆட்கள் "ஜன்னி கண்டிருச்சு" என்று சொல்வதும் இதைத்தான். பேருக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆனால் ஜன்னி என்று சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பதிலாக வேறு எங்கேயோ போகிறோம்.

இது வந்து போனால் சரியாகிவிடும் என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. இங்கிலாந்தில் சவுத்ஹாம்டன் பல்கலைக்கழகத்தார் அல்சைமர் என்ற மறதி நோய் உள்ள 300 பேரை ஆறு மாதம் கவனித்து, 2009ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள. அந்தக் காலத்தில் கிருமித் தொற்று, காயம் போன்ற ஏதாவது வந்தவர்களின் அறிவும் ஞாபகமும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகமாகக் குறைந்திருந்தது. இதை வாசித்தபோதுதான் காசை எண்ண முடியாமல் போன அந்தப் பாட்டியின் முகம் என் கண் முன்னே வந்தது.

வீட்டார் எதைக் கவனிக்க வேண்டும்?

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வரும். டெலிரியம் மணிக்கணக்கில், இரண்டொரு நாளில் வரும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று ஆள் மாறிப் பேசுகிறார். இடமும் நேரமும் தெரியவில்லை.

2. ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் குழப்பம். பெரும்பாலும் இரவில் கூடுகிறது.

3. கவனம் நிற்பதில்லை. கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். ஞாயிறு, சனி, வெள்ளி என்று முன்பு சொல்லக்கூடியவர் இப்போது பாதியில் விட்டுவிட்டு வேறு எதையோ பேசுவார்.

4. இல்லாததைப் பார்க்கிறார், காற்றில் எதையோ பிடிக்கிறார், கம்பளியைப் பிய்க்கிறார்.

5. சத்தமே இல்லாமல் தூங்கிக்கொண்டே இருக்கிறார், சாப்பிட எழுப்பினாலும் கண்ணைத் திறந்து மூடிவிடுகிறார். இந்த அமைதியான வகையைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். "பாவம், நல்லா தூங்குது" என்று விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வயசானவர்களுக்குக் கடும் தொற்று இருந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். நெஞ்சில் சளி கட்டியிருக்கும், இருமல் இருக்காது. சிறுநீரில் கிருமி இருக்கும், கடுப்பு என்று சொல்லத் தெரியாது. தலை குழம்புவது ஒன்றுதான் வெளியில் தெரியும் அடையாளமாக இருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே காட்டுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று வைக்க வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரிக்கு அறிவியுங்கள், அல்லது நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆளை எழுப்ப முடியாவிட்டால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கிருமி மட்டும்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டவும் கூடாது. சீனி வருத்தக்காரருக்குச் சீனி இறங்கினாலும் தலை குழம்பும். விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலும், பாரிசவாதம் வந்தாலும், நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று குடியை நிறுத்தினாலும் குழம்பும். வாய் கோணியிருக்கிறதா, ஒரு கை விழுந்துவிட்டதா என்று பாருங்கள். அப்படியென்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சின்னப் பிள்ளையோ பெரியவரோ, காய்ச்சலோடு கழுத்து இறுகி மயங்கிக் கிடந்தாலும் அப்படியே.

போகும்போது அவர் குடிக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். தடிமனுக்குக் கடையில் வாங்கும், தூக்கம் வரும் குளிசைகூட வயசானவர்களின் தலையைக் குழப்பலாம். தூங்க வைக்கிறோம் என்று நீங்களாக மருந்து கொடுக்க வேண்டாம். சாராயம் கொடுத்துப் படுக்க வைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

கோயிலுக்கு நேர்ந்துகொள்வதை நான் குறை சொல்லவில்லை. நேர்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நூல் கட்டுவதென்றால் வாகனத்தில் ஏறிய பிறகு கட்டலாம்.

பக்கத்தில் ஒரு ஆள்

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் வீட்டாருக்கு வேலை இருக்கிறது. இதை அமெரிக்காவில் அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த டொக்டர் ஷரன் இனூய் என்ற அம்மையார் செய்து காட்டியிருக்கிறார். 70 வயதும் அதற்கு மேலும் உள்ள 852 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான கவனிப்பு. மற்றப் பகுதியினருக்கு அதோடு சில சின்னக் காரியங்களைச் செய்தார்கள்: இன்று என்ன நாள், இது எந்த இடம் என்று சொல்லிக்கொண்டிருப்பது, கண்ணாடியைப் போட்டுவிடுவது, காது கேட்கும் கருவியைக் கொடுப்பது, பிடித்து நடக்க வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, இரவில் சத்தமில்லாமல் தூங்கவிடுவது. 1999ஆம் ஆண்டு முடிவு வந்தது. வழமையான கவனிப்பில் 100க்கு 15 பேருக்கு டெலிரியம் வந்தது. மற்றப் பகுதியில் அது 100க்கு 10 பேருக்குள் நின்றது.

இதில் காசு செலவாகும் காரியம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆகவே பாட்டியை வாட்டில் விட்டு வரும்போது அவருடைய கண்ணாடியையும், பல்செட் இருந்தால் அதையும் கொடுத்துவிட்டு வாருங்கள். பார்வையாளர் நேரத்தில் பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். "பாட்டி, நான்தான் உங்க பேரன். இன்னைக்குப் புதன்கிழமை. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, சுகமாகிடும்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பிதற்றுகிறார் என்று சிரிக்க வேண்டாம், சண்டை பிடிக்கவும் வேண்டாம். அவருக்குப் பிறகு அது ஞாபகம் இருக்கலாம்.

வீட்டிலும் சில காரியங்கள் உண்டு. குளிர் காலத்தில் தாகம் தெரியாது, அதனால் வயசானவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். இரவில் வெளியே கழிப்பறைக்குப் போகப் பயந்து குடிக்காமலே இருப்பவர்களும் உண்டு. சுடுதண்ணீரோ சாயத்தண்ணியோ அடிக்கடி கொடுங்கள். இரவில் துணைக்குப் போக ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். வாய், பல், கால் புண் இவற்றை அடிக்கடி பாருங்கள். சின்னப் புண்ணும் உடம்புக்குள் தப்படிக்கத் தொடங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. யாராவது வந்து "மாமி ஒரு மாதிரியா பேசுது" என்று சொன்னால் இப்போது நான் வயசைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: "முந்தாநாள் எப்படி இருந்தாங்க?" நன்றாக இருந்தார் என்று பதில் வந்தால், அடுத்த பேச்சு வாகனத்தைப் பற்றித்தான். நீங்களும் அந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து லயத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

உங்கள்,
தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்